மஞ்சள் கரை வராத கன்றுகள்

மகன்,

நீ சுகமாய் இருக்கிறாய் என்பதை இப்போதெல்லாம் நிரோஜா சொல்லித்தான் நான் அறிந்துகொள்கிறேன். கப்பலில் சிக்னல் கிடைத்தால் முதல் அழைப்பு அவளுக்கு. நேரம் மிஞ்சினால் எனக்கு. குறை சொல்ல எழுதவில்லை. கலியாணம் நிச்சயமான பிள்ளை அப்படித்தான் இருப்பான், இல்லாவிட்டால்தான் நான் யோசிக்க வேண்டும். ஆனால் இந்த ஒரு மாதமாய் உன் குரலை நான் வேறொரு காரணத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று நீ கேட்பதில் ஏதாவது குறைகிறதா, "சரி, வைக்கிறன்" என்பதில் ஏதாவது சூடு இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. வழக்கம்போல அரை நித்திரையில்தான் கதைத்தாய். அப்படியென்றால் நிரோஜா உன்னிடம் சொல்லவில்லை. ஒரு பெண் இப்படியொரு விசயத்தை ஒரு மாதம் வாய் திறக்காமல் வைத்திருக்கிறாள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டுமே என்று யோசித்து யோசித்து எனக்குத் தலையிடியே வந்துவிட்டது. காரணம் இப்போதுதான் கிடைத்தது. ஆகவே நானே எழுதுகிறேன். நடந்தது இதுதான்: நான் மூதூருக்குப் போய், இன்னும் சில வாரங்களில் உனக்குப் பெண்சாதியாகப் போகிறவளின் அறைக்குள் நுழைந்து, அவளுடைய கட்டிலுக்குக் கீழே குனிந்து சாடிக் கன்று தேடினேன்.

சிரிக்காமல் முழுவதையும் வாசி. கோபம் வந்தாலும் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படு.

நீ போன முறை விடுமுறை முடிந்து கிளம்பும்போது, பெட்டியைப் பூட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று சொன்னாய். "அம்மா, கலியாணம் முடிஞ்சு கொஞ்ச நாளைக்கு உப்புவெளிப் பக்கம் ஒரு வீடு வாடகைக்கு எடுத்து இருந்து பாக்கிறமே?" என்றாய். "அப்ப மேல்வீடு ஆருக்கு? காகத்துக்கா?" என்று நான் கேட்டேன். அந்த மேல்வீட்டை நான் எப்படிக் கட்டினேன் என்று உனக்குத் தெரியும். மேசன் சீமெந்தில் கள்ளம் பண்ணுவான் என்று, கதிரையை வெயிலுக்குள் போட்டு, தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, கூரை ஏறும் வரைக்கும் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் நான். இன்றைக்கும் அந்தச் சுவரில் ஒரு வெடிப்பு இல்லை. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக்குள் வருகிற கப்பல் தெரியும். உனக்காகத்தான் அந்தப் பக்கம் ஜன்னல் வைக்கச் சொன்னேன். தனிவீடு என்பது உன் வாயில் வந்தாலும் உன் யோசனை இல்லை, நிரோஜாவுடையது என்று அன்றைக்கே நான் முடிவு கட்டிவிட்டேன். நீ வருடத்தில் பெரும்பகுதி கடலில். அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் நகரத்தில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில். இங்கே மாமியும் மாமாவும் இருக்க, உப்புவெளியில் தனியாக ஒரு பெண்ணுக்கு என்ன வேலை? அன்று தொடங்கியது என் சந்தேகம். அதற்குப் பிறகு அவள் எதைச் செய்தாலும் நான் அதைத் திருப்பிப் போட்டு, அடியில் என்ன இருக்கிறது என்றுதான் பார்த்தேன்.

தை மாதம் கலியாண மண்டபம் பார்க்கப் போனோம். நானும் அப்பாவும் நிரோஜாவும். மண்டப வாசலில் இரண்டு பக்கமும் பெரிய சாடிகளில் ஸ்நேக் பிளான்ட். பாம்புக் கற்றாழை என்று நாங்கள் சொல்வதுதான். ஆனால் வேலியோரத்தில் கிடக்கிற வெறும் பச்சை இல்லை, இலையின் இரண்டு ஓரத்திலும் சேலைக்குக் கரை வைத்த மாதிரி மஞ்சள். நிரோஜா நின்று பார்த்துவிட்டு, "மாமி, கலியாணத்துக்கு வாற நெருங்கின சொந்தத்துக்கு வெத்திலைப் பையோட இதில ஒவ்வொரு சின்னக் கன்றும் குடுத்தா என்ன?" என்றாள். எனக்கும் பிடித்துவிட்டது. கடையில் வாங்கினால் கட்டாது, வீட்டிலேயே உண்டாக்கலாம் என்று நான்தான் சொன்னேன். மண்டபக்காரரிடம் கேட்டிருந்தால் ஒரு கன்று தந்திருப்பார். ஆனால் எங்களூர்ப் பெண்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது, உனக்குத் தெரியாது; கேட்டு வாங்கிய கன்று நோஞ்சலாய் நிற்கும், களவாக முறித்து வந்ததுதான் செழிக்கும். அப்பாவும் மண்டபக்காரரும் கதிரைக் கணக்குக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். நான் சாடிப் பக்கம் போய் நல்ல நீளமான இலைகளாக ஐந்தாறை அடியோடு முறித்து, வளைத்துக் கைப்பைக்குள் வைத்தேன். நிரோஜா குடையை விரித்து என்னை மறைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அது எனக்குச் சந்தோசமாக இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான், இவள் எவ்வளவு இலகுவாகக் களவுக்குத் துணை நிற்கிறாள் என்று தோன்றியது. களவெடுத்தது நான். அதை மறந்துவிட்டேன்.

இலையை எப்படி வைப்பது என்று உனக்கும் சொல்கிறேன், ஒரு நாள் தேவைப்படும். கூரான கத்தியால் விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். எது அடி, எது தலை என்று மாறாமல் இருக்க அடிப்பக்கத்தை வாய் பிளந்த மாதிரி முக்கோணமாக வெட்டிக்கொள்ள வேண்டும். உடனே நடக்கூடாது, வெட்டுவாய் காய்ந்து தோல் பிடிக்கும் வரைக்கும் இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டுவைக்க வேண்டும். பிறகு குருமணலும் தேங்காய்த் தும்புத்தூளும் கலந்து, அடியில் ஓட்டை போட்ட யோகட் கப்பில் நட வேண்டும். தண்ணீர் விடுவதில்தான் எல்லாரும் பிழை விடுவது. அன்பில் ஊற்றுவார்கள், அது அழுகிவிடும். மணல் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சம் தெளித்தால் போதும். பிறகு பொறுமை. வேர் வரவே மாதக்கணக்கு, குட்டி முளைக்க அதற்கு மேலும். நான் வெட்டி வைத்ததை நட்டுத் தர நிரோஜா ஒரு சனிக்கிழமை வந்தாள். நல்ல பிள்ளையாகக் குசினிப் படியில் குந்தியிருந்து நட்டாள். அவள் நட்டதில் பாதி அழுகிப்போனது. பிடுங்கிப் பார்த்தேன், தலைகீழாக நட்டிருந்தாள். நான் வெட்டிய முக்கோணம் மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தெரியாமல் செய்திருப்பாள் என்று அப்பா சொன்னார். ரீச்சர் பிள்ளைக்கு அடியும் தலையும் தெரியாதா என்று நான் கேட்டேன். முக்கோணம் எதற்கென்று நான் அவளுக்குச் சொல்லவே இல்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

அதற்குள் அப்பா ஒரு வேலை செய்தார். துறைமுக அலுவலகத்தில் இருந்து ஓய்வு எடுத்த பிறகு அவருக்குப் போனைத் தவிர வேறு தொழில் இல்லை என்று உனக்குத் தெரியும். ஒருநாள் பின்னேரம் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, "இஞ்சரும், இந்தக் கன்றுக்கு இன்னொரு பேர் இருக்காம். மாமியாரின்ட நாக்காம்" என்று சிரித்தார். எனக்குத் தேத்தண்ணி புரையேறியது. பார், இத்தனை செடி இருக்க அவள் ஏன் இதைத் தெரிவு செய்தாள்? என் சொந்தக்காரர் முழுப்பேரும் என் நாக்கைச் சாடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகவா? "உமக்கு விசர். அந்தப் பிள்ளைக்கு இந்தப் பேர் தெரிஞ்சிருக்காது" என்றார் அப்பா. தெரியாது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று அதையும் நான் விடவில்லை.

உனக்கு இதெல்லாம் அற்பமாகத் தெரியும். நான் இப்படிப் பிறக்கவில்லை, ராசா. கதவு தட்டினால் யாரென்று கேட்காமல் திறக்கக்கூடாத, கேட்டாலும் சொன்ன பெயரை நம்பக்கூடாத காலத்தில் நான் உன்னைப் பெற்று வளர்த்தேன். அந்தக் காலத்தில் சந்தேகப்படாத பெண்களுக்கு என்ன நடந்தது என்று இந்த ஒழுங்கையிலேயே நாலு வீடு தள்ளி நான் பார்த்திருக்கிறேன். பிறகு சண்டை அடங்கியது, ஊர் திறந்தது, வெள்ளைக்காரர் கடற்கரையில் வந்து படுத்தார்கள், எனக்கு மட்டும் அந்தப் பழக்கம் போகவில்லை. அது உனக்கு உதவியும் இருக்கிறது. நீ முதன்முதல் கப்பலுக்குப் போக வெளிக்கிட்டபோது கொழும்பில் ஒரு ஏஜன்ட் வந்தான், ஞாபகம் இருக்கிறதா? கழுத்தில் ரை கட்டி, நல்ல தமிழ் கதைத்து, என்னை "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டான். நீயும் அப்பாவும் மயங்கிப்போய் நின்றீர்கள். நான் மட்டும் பஸ் ஏறிப்போய் அவன் சொன்ன கட்டிடத்தில் ஒவ்வொரு மாடியாக ஏறி விசாரித்தேன். அவன் பெயரில் அங்கே ஒரு கதவுகூட இல்லை. அன்றைக்கு நான் நம்பியிருந்தால் உன் கடவுச்சீட்டு யார் கையில் போயிருக்கும்? அதனால்தான் என் சந்தேகத்தை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. கண்ணுக்கு மூக்குக் கண்ணாடி போல அது எனக்கு உதவுகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

பங்குனியில் அப்பாவின் கண் சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு போனோம். சித்தி வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் நிற்க வேண்டி வந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் கன்றுகளுக்கு யார் தண்ணீர் தெளிப்பது? வெளியே வைத்தால் மான் வந்துவிடும். எங்கள் ஒழுங்கை மான்கள் கேற் திறந்திருந்தால் வீட்டுக்காரர் மாதிரி உள்ளே வந்து நிற்குமே. நிரோஜா, "எல்லாத்தையும் எங்கட வீட்டை கொண்டுபோய் வைக்கிறன் மாமி" என்றாள். மூதூர் பஸ்ஸில் இரண்டு பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோனாள். ஒரே ஒரு முழு இலையை மட்டும் நான் கொடுக்கவில்லை. அதை ஒரு ஜாம் போத்தலில் தண்ணீர் விட்டு, என் படுக்கையறை ஜன்னலில் வைத்து, அறையைப் பூட்டித் திறப்பை என்னோடு கொண்டுபோனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எதையும் முழுதாக ஒருவர் கையில் கொடுப்பது எனக்கு வராது, அவ்வளவுதான்.

நாங்கள் திரும்பி வந்து வைகாசியில் பெட்டிகள் வந்தன. திறந்து பார்த்தேன். ஒவ்வொரு கப்பிலும் கொழுகொழுவென்று குட்டி. எல்லாம் பச்சை. ஒன்றில்கூட ஒரு நூல் மஞ்சள் இல்லை. நான் நட்ட பழைய துண்டுகள் பலதும் கப்பில் இல்லை. கேட்டபோது, "அது வாடி அழுகினது மாதிரி இருந்துது மாமி, நான் கிள்ளி எறிஞ்சிட்டன்" என்றாள். மகன், நிரோஜாவின் வீட்டு வேலி உனக்குத் தெரியும்தானே? பெண் பார்க்கப் போனபோது நாங்கள் கடந்து போனோம். வேலி நீளத்துக்கும் அதே பாம்புக் கற்றாழை, வெறும் பச்சை, புதர் புதராக. மஞ்சள் கரை போட்ட என் குட்டிகளை அங்கே வைத்துக்கொண்டு, வேலியில் பிடுங்கிய பச்சைக் குட்டிகளை என் கப்புகளில் ஊன்றி அனுப்பிவிட்டார்கள். இதைவிட வேறென்ன இருக்க முடியும்? உறுதிப்படுத்த வேண்டுமென்று சாம்பல்தீவுப் பக்கம் ஒரு கன்றுக்கடையில் கேட்டேன். "இலை வெட்டி வைச்சா மஞ்சள் வராது அக்கா. கிழங்கோட பிரிச்சு வைச்சாத்தான் கரை நிக்கும். இஞ்ச கிழங்கோட இருக்கு, எத்தினை வேணும்?" என்றான் கடைக்காரன். விற்பதற்காகச் சொல்கிறான் என்று எனக்குப் பட்டது. மஞ்சள் இலையில் இருந்து பச்சைக் குட்டி வருமென்றால் நான் யாரைத்தான் நம்புவது என்று அப்பாவிடம் சத்தம் போட்டேன்.

ஆனி பிறந்ததும், கலியாண அட்டை கொடுக்கும் சாட்டில் அப்பாவை இழுத்துக்கொண்டு மூதூருக்குப் போனேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் ஒளித்துவிடுவார்கள். கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறும்போது அப்பா, "இஞ்சரும், அட்டையைக் குடுத்திட்டுத் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வருவம். வேற ஒண்டும் வேண்டாம்" என்றார். அவருக்கு என்னைத் தெரியும். நான் தலையாட்டினேன். அங்கே போனதும் நிரோஜாவின் அம்மா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டா. அப்பா கதிரையில் இருந்தார். நான் கை கழுவுகிற சாட்டில் கிணற்றடிக்குப் போனேன். கிணற்றுக்குப் பின்னால், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், விறகு அடுக்கின கொட்டிலுக்குள், எல்லா இடமும் பார்த்தேன். திரும்பினால் நிரோஜாவின் அம்மா கையில் துவாயோடு நிற்கிறா. "என்ன அக்கா தேடுறியள்?" என்றா. நான் அப்போதாவது சமாளித்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்கட மஞ்சள் கரைக் கன்றுகள் எங்க வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த மனுசிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் செத்துப்போனது. "அக்கா, நாங்கள் ஏழையள் எண்டாலும் ஒரு செடிக்கு..." என்று தொடங்கி நிறுத்திவிட்டா. சத்தத்துக்கு நிரோஜா வந்தாள். பள்ளிக்கூடத்தால் வந்த சேலையோடு, தோளில் பையோடு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னையும் பார்த்தாள், தன் தாயையும் பார்த்தாள். தாயைப் பார்த்த பார்வை கொஞ்சம் நீளமாக இருந்தது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் அதன் அர்த்தம் அன்றைக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் கூட்டு என்றுதான் நினைத்தேன். பிறகு அவள் அழவுமில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. "வெளியில பாத்திட்டியள்தானே மாமி? உள்ளுக்கும் வந்து பாருங்கோ" என்றாள். அப்பா எழும்பி வந்து, "வேண்டாம் பிள்ளை, மாமிக்கு அலைச்சல், நாங்கள் வெளிக்கிடுறம்" என்றார். அவள், "இல்லை மாமா, பாக்கட்டும்" என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வெட்கப்பட்டுத் திரும்பியிருப்பார்கள். நான் உள்ளே போனேன். இதைத்தான் நீ என் வாயால் கேட்க வேண்டுமென்று எழுதுகிறேன். குசினியில் அடுப்படியில் பார்த்தேன். அவளுடைய அறையில் ஜன்னலில் பார்த்தேன், அலுமாரிக்குப் பின்னால் பார்த்தேன். அலுமாரியைத் திறந்து காட்டினாள். உள்ளே மடித்து வைத்த சேலைகளும், நீ அனுப்பிய வாசனைத் தைலமும், உன் படமும் இருந்தன. கட்டிலுக்குக் கீழே குனிந்தேன். "இருட்டு மாமி" என்று சொல்லி, தன் போனில் லைட்டைப் போட்டு எனக்குப் பிடித்தாள். செருப்பு இரண்டு சோடியும் ஒரு பழைய பெட்டியும் இருந்தன. வேறொன்றும் இல்லை. எழும்ப முடியாமல் இருந்த என்னைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டதும் அவள்தான். பஸ்ஸில் வரும்போது அப்பா வேறொரு சீற்றில் போய் இருந்தார். நான், வேறெங்காவது சொந்தக்காரர் வீட்டில் வைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அப்போதும், மகன். அப்போதும் நான் அதைத்தான் யோசித்தேன்.

அதற்குப் பிறகு நான் உன் அழைப்புக்குப் பயந்துகொண்டு இருந்தேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. அவள் எனக்கு வழக்கம்போல வெள்ளிக்கிழமைகளில் எடுத்து, "சாப்பாடு ஆச்சுதா மாமி, மாமாட கண் எப்பிடி?" என்று கேட்டாள். சண்டை பிடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை. இதை எங்கேயோ பத்திரப்படுத்தி வைக்கிறாள், கலியாணம் முடிந்த பிறகு ஒரு நாள் நல்ல நேரம் பார்த்து உன் முன்னால் எடுத்துப் போடுவாள், அன்றைக்கு நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு உப்புவெளிக்குப் போவாய் என்று கணக்குப் போட்டேன்.

போன கிழமை காலையில் விளக்கு வைக்க எழும்பி, படுக்கையறை ஜன்னலில் இருந்த அந்த ஜாம் போத்தலைக் கையில் எடுத்தேன். வேர் முதலே வந்திருந்தது. இப்போது வேருக்குப் பக்கத்தில், இலையின் வெட்டுவாயிலிருந்து, கட்டைவிரல் பருமனில் ஒரு குட்டி வெளிக்கிட்டிருந்தது. மேலே இலையில் இரண்டு பக்கமும் பளிச்சென்று மஞ்சள் கரை. கீழே அதோடு ஒட்டிக்கொண்டு இருக்கிற குட்டி பச்சை. போத்தலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அறைத் திறப்பு என் இடுப்பில். அப்பாவைக் கூப்பிட்டு, "இதை நீங்கள் தொட்டனீங்களோ?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஓம், ராத்திரி எழும்பிப் பச்சைப் பெயின்ற் அடிச்சனான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அந்தக் கட்டிலில் அப்படியே இருந்துவிட்டேன். கடைக்காரன் பொய் சொல்லவில்லை. மூதூரில் ஒருவரும் எதையும் மாற்றவில்லை. அந்த இலை தன்பாட்டில் பச்சையாகத்தான் பிள்ளை போடும். அது தெரியாமல் நான் ஒரு பெண்ணின் கட்டிலுக்குக் கீழே போயிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்காமல் உடனே அவளுக்கு எடுத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "பிள்ளை, என்ட போத்தலுக்குள்ளயும் பச்சையாத்தான் வந்திருக்கு. பூட்டின அறைக்குள்ள. நான்தான் பிழை" என்றேன். அவள் மெல்லிய குரலில், "அப்ப... எங்கட அம்மா மாத்தேல்லை என்ன மாமி?" என்று கேட்டாள்.

மகன், அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. அவளும் சந்தேகப்பட்டிருக்கிறாள். என்னையல்ல, தன் தாயை. வடிவான கன்று என்று ஆசைப்பட்டு அம்மா எங்காவது மாற்றி வைத்துவிட்டாவோ, தான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டாவோ என்று. தாய் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியும் நம்பவில்லையாம். "அண்டையில இருந்து நான் அம்மாவோட நேரா முகம் குடுத்துக் கதைக்கேல்லை மாமி. அம்மா சமைச்சு வைப்பா, நான் சாப்பிட்டிட்டுப் போயிடுவன்" என்றாள். பிறகு அழுதாள். என் முன்னால் அழாத பிள்ளை அப்போது அழுதாள். "ஏன் மகனிட்டச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். அதையும் கேட்காமல் விட எனக்கு ஏலாது. "உங்களைப் பற்றிச் சொன்னா எங்கட அம்மாவைப் பற்றியும் சொல்ல வேணுமே மாமி. அவர் அம்மாவைக் கள்ளி எண்டு நினைச்சிட்டா?" என்றாள். காரணம் அவ்வளவுதான். ஒரு மாதம் நான் தலையிடியோடு தேடிய காரணம்.

கலியாணத்துக்கு முன் தாய்வீட்டில் ஒரு பெண்ணுக்கு மிஞ்சியிருக்கிற கொஞ்ச நாள் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். என் அம்மா அந்த நாட்களில் என் தலையை மடியில் வைத்துப் பேன் பார்த்துக்கொண்டே இருந்தா, பேன் இல்லாத தலையில். நிரோஜாவுக்கு அந்த நாட்களில் ஒரு மாதத்தை நான் தின்றுவிட்டேன். அடுத்த நாளே தனியாகப் பஸ் ஏறி மூதூருக்குப் போய் அந்த மனுசியின் இரண்டு கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவ கதிரையைத் தூக்கிப் போட்டு, "இருங்கோ அக்கா, வெயிலுக்குள்ள வந்திருக்கிறியள்" என்று சொல்லித் தேசிக்காய்த் தண்ணி கரைத்துத் தந்தா. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன். கன்றுகளைப் பச்சையாகவே கொடுப்போம் என்று முடிவாகியிருக்கிறது. நீ வந்து அதில் தலையிடாதே.

இனி நான் சொல்ல வந்தது. நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. இந்த வயதில் திருந்துகிறவர்களை எனக்குச் சந்தேகம். நீ கலியாணம் முடித்து ஒரு மாதம் நிற்பாய், பிறகு கப்பலுக்குப் போவாய். நீ சொன்ன தனிவீடு இல்லாவிட்டால், நீ போன பிறகு அந்த மேல்வீட்டில் அவள் தனிய, கீழே நான். அவள் பள்ளிக்கூடத்தால் பிந்தி வந்தால் நான் மணிக்கூட்டைப் பார்ப்பேன். போனில் மெதுவாகக் கதைத்தால் படியில் வந்து நிற்பேன். சீனிப் போத்தலின் மூடி மாறியிருந்தால் யாரென்று கேட்பேன். கேட்கக்கூடாது என்று சத்தியம் பண்ணிவிட்டும் கேட்பேன். அவள் ஒவ்வொரு முறையும் "வந்து பாருங்கோ மாமி" என்று லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் களைத்துப்போவாள். அதற்குப் பிறகு, ஆயிரம் மைல் தள்ளி நடுக்கடலில் இருந்து அவளோடு கதைக்கும்போது, நீயும் அவள் சொல்வதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கத் தொடங்குவாய். ஏனென்றால் நீ என் பிள்ளை. உன் தாயில் இருந்து உனக்கு மூக்கு மட்டும் வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தூரத்தில் இருக்கிற மனிசனுக்குச் சந்தேகம் வந்தால் அந்தக் குடும்பம் அவ்வளவுதான். அவள் ஒன்றைச் சொன்னால், சொன்னதாகவே எடுத்துக்கொள். விளங்காவிட்டால் அவளிடமே கேள். என்னிடம் கேட்காதே, நான் ஏதாவது கண்டுபிடித்துத் தருவேன்.

உப்புவெளியில் வீடு பார். கடற்கரைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, தண்ணீர் உவர்க்காத கிணறு இருக்கிற வீடாகப் பார். நீ இல்லாத நேரம் அவளுடைய அம்மா வந்து நிற்க ஒரு அறை இருக்கட்டும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிவிட்டு வருவேன்.

அம்மா மனம் மாறுவா, கடைசி நேரம் அழுது மறிப்பா என்று நீ நினைக்கலாம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால் நேற்று மேல்வீட்டை வாடகைக்குக் கொடுத்து, திறப்பையும் கையில் கொடுத்துவிட்டேன். புதிதாக மாற்றலாகி வந்த ஒரு வங்கி உத்தியோகத்தர், இளம் மனைவி, கைக்குழந்தை. அந்தப் பெண் இன்று காலையில் துறைமுகப் பக்க ஜன்னலைத் திறந்து பிள்ளைக்குக் கப்பல் காட்டிக்கொண்டு நின்றாள். நான் முற்றத்தில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பின்னேரம் பார்த்தால், கொடியில் நான் போட்டிருந்த உடுப்புக் கிளிப்பில் இரண்டு குறைகிறது. அவள்தான் எடுத்திருக்க வேண்டும். இப்போதே மேலே ஏறிப்போய் அவளுடைய உடுப்புகளில் என் கிளிப் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன். பார்த்துவிட்டுப் போகிறேன், விடு. அவள் என் பிள்ளையின் பெண்சாதி இல்லை.

அம்மா